கேட்கப்படாத ஒரு வினா: சிலம்பும் இஸ்லாமிய அறமும் காட்டும் தனிமனிதப் பொறுப்பு

முன்னுரை

நேர்மை என்னும் சொல்லைக் கேட்டவுடன் பொய் பேசாமை, பிறர் பொருளைக் கவராமை ஆகிய இரண்டுமே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டும் நேர்மையின் உறுப்புகளே என்பதில் ஐயமில்லை. ஆயினும், பொய் பேசாதவரும் பிறர் பொருளைத் தொடாதவருமாகிய நன்மக்கள் பலர் கூடியிருக்கும் இடத்திலும் பெரும் அநீதி நிகழ்ந்து விடுவதைக் காண்கிறோம். கேட்டதை ஆராயாமல் நம்பியவர் சிலர். ஐயம் தோன்றியும் வாய் திறவாதவர் சிலர். மேலிடத்து ஆணை என்று கூறி ஒதுங்கியவர் சிலர். இவர்கள் அனைவரும் தம்மைக் குற்றமற்றவர் என்றே கருதிக் கொள்கின்றனர். ஆனால் துன்புற்றவனுடைய பக்கம் நின்று பார்க்கும்போதுதான் இவர்கள் ஒவ்வொருவருக்கும் அதில் பங்குண்டு என்பது விளங்கும்.

இவ்வுண்மையைத் தமிழில் மிகத் தெளிவாகக் காட்டும் இலக்கியப் பகுதி, இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ட நிகழ்ச்சியாகும். 16ஆவதாகிய கொலைக்களக் காதையும் 20ஆவதாகிய வழக்குரை காதையும் நம் மாணவர்கள் பாடமாகப் பயில்பவை. கண்ணகியின் கற்பு, ஊழின் வலிமை என்னும் நோக்கில் அவற்றைப் பலரும் ஆராய்ந்துள்ளனர். முடிவெடுத்தல், பொறுப்பேற்றல் என்னும் நோக்கில் அப்பகுதியை நோக்குவதும், இஸ்லாமிய மரபு அதே சூழ்நிலைகளில் காட்டிய வழியை அதனோடு ஒப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்க் காப்பியங்களை நீதியின் கண்கொண்டு நோக்குவது முஸ்லிம் சான்றோர்க்குப் புதியதன்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய மு.மு. இஸ்மாயில் அவர்கள் கம்பனில் தோய்ந்து காப்பிய மாந்தரின் செயல்களை நடுநிலையோடு ஆராய்ந்தவர் என்பதை நாம் அறிவோம். அம்மரபின் வழியில் இச்சிறு முயற்சியும் அமைகின்றது.

பாதி உண்மையின் கொடுமை

மதுரை வீதியில் சிலம்பு விற்க வந்த கோவலன், அரண்மனைப் பொற்கொல்லனைச் சந்திக்கின்றான். அப்பொற்கொல்லன் முன்னரே பாண்டிமாதேவியின் சிலம்பைக் கவர்ந்தவன். தன் களவு வெளிப்படுமுன் அதனைப் பிறன் தலையில் ஏற்ற ஒருவன் கிடைத்தான் என மகிழ்ந்து, கோவலனைத் தன் குடிலின் அருகே இருக்கச் செய்துவிட்டு அரண்மனை சேர்கின்றான்.

அவன் அரசனிடம் உரைத்ததை ஊன்றி நோக்க வேண்டும். தன் குடிலருகே ஒருவன் இருக்கின்றான் என்றது உண்மை. அவன் கையில் சிலம்பு ஒன்று உள்ளது என்றதும் உண்மை. அச்சிலம்பு அரசியினுடையது என்றதும், இருப்பவன் கள்வன் என்றதுமே பொய். முழுப்பொய்யாக இருந்திருப்பின் காவலர் சென்று பார்த்தவுடன் அது சிதைந்திருக்கும். பாதி உண்மையாக இருந்தமையால் காவலர் சென்று பார்த்தபோது அது வலுப்பெற்று விட்டது. கண்ட காட்சி, கேட்ட பொய்க்குச் சான்றாகி விட்டது.

இத்தகைய வஞ்சனையை இஸ்லாம் எவ்வாறு கருதியது என்பதற்கு நபிமொழித் தொகுப்புகளில் ஒரு நிகழ்ச்சி உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றைக் கண்டு, அதனுள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாயிருந்தது. மழையில் நனைந்து விட்டது என வணிகர் விடை பகர்ந்தார். அவ்வாறாயின் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என வினவிய நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் எனக் கடிந்துரைத்தார்கள். அவ்வணிகர் வாயால் பொய் எதுவும் கூறவில்லை. மேலே இருந்த தானியமும் உண்மையில் உலர்ந்ததே. ஆயினும் எதை மேலே வைப்பது, எதை உள்ளே மறைப்பது என்று அவர் செய்த முடிவே பொய்யாகி விட்டது.

சொல்வன்மையால் வழக்கில் வென்றவர்க்கும் நபியவர்கள் ஓர் எச்சரிக்கை விடுத்துள்ளார்கள். தாமும் ஒரு மனிதரே என்றும், வழக்காளிகளுள் ஒருவர் மற்றவரினும் திறம்பட வாதிடக் கூடும் என்றும், அதைக் கேட்டுத் தாம் ஒருவரின் உரிமையை மற்றவர்க்குத் தீர்ப்பளித்து விட்டால் அவர் பெறுவது நெருப்பின் ஒரு துண்டமே என்றும் அவர்கள் அறிவுறுத்தியதை அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். பிறரை நம்ப வைத்து விட்டமையால் பொய் உண்மையாகி விடுவதில்லை. தீர்ப்பளித்தவர் அறியாமல் தவறினும், பொய் கூறியவன் பொறுப்பினின்று தப்புவதில்லை.

ஆணை பிறந்த நேரம்

பொற்கொல்லன் அரசனைக் கண்ட நேரமும் கருதத்தக்கது. ஆடல் மகளிரின் ஆடலிலும் பாடலிலும் அரசன் மனம் ஈடுபட்டதாக எண்ணி ஊடல் கொண்ட தேவி, தலைநோயைக் காரணம் காட்டித் தன் இருப்பிடம் சென்றுவிட்டாள். அவளைத் தணிவிக்கும் விருப்புடன் அரசன் அந்தப்புரம் நோக்கி நடக்கின்றான். வாயிலை அடையும் வேளையில் பொற்கொல்லன் வீழ்ந்து வணங்கித் தன் செய்தியைக் கூறுகின்றான். அவையில் அமர்ந்து அமைச்சரோடு ஆராயும் நேரமன்று அது. அரசனின் கால் ஒரு பக்கம் செல்ல, செவி மட்டும் மறுபக்கம் நின்றது.

ஆயினும் பாண்டியன் கொடுங்கோலன் அல்லன். அவன் இட்ட ஆணையிலும் ஒரு நிபந்தனை இருந்தது. தேவியின் காற்சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமானால் என்றே அவன் தொடங்கினான். அந்நிபந்தனை சரியாகச் சோதிக்கப்பட்டிருப்பின் கோவலன் உயிர் பிழைத்திருப்பான். ஆனால் கையிலுள்ளது தேவியின் சிலம்புதானா என்று உறுதி செய்பவர் யார் என்பதை அரசன் வகுக்கவில்லை. குற்றம் சாட்டியவனே காவலரை அழைத்துச் சென்றான். அவனே சிலம்பை அடையாளம் காட்டினான். குற்றம் சாட்டியவனே சான்றாளனும் ஆய்வாளனும் ஆனான். கோவலனிடம் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை.

பின்னர் வழக்குரை காதையில் உண்மை வெளிப்பட எவ்வளவு காலம் பிடித்தது? தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்றாள் கண்ணகி. தம் சிலம்பில் இருப்பது முத்து என்றான் அரசன். சிலம்பு வந்தது, உடைந்தது, மாணிக்கம் தெறித்தது. சில நொடிகளில் வழக்கு முடிந்தது. சிலம்பினுள் என்ன உள்ளது என்னும் இந்த ஒரு வினா, முந்தைய நாழிகைகளில் எவராலும் கேட்கப்படவில்லை. அவ்வினாவைக் கேட்கப் பெரும்புலமை தேவையில்லை, பொருட்செலவும் இல்லை. சிறிது பொறுமையும், எதிரே நிற்பவனும் ஒரு மனிதன் என்னும் நினைவும் போதுமானவை.

திருவள்ளுவர் அரசியல் இயலுள் தெரிந்துசெயல்வகை என 47ஆம் அதிகாரத்தையும் செங்கோன்மை என 55ஆம் அதிகாரத்தையும் அமைத்தார். எண்ணித் துணிய வேண்டுமென்பதை முன்னதிலும், குற்றத்தை ஆராய்ந்து ஒருபாற் கோடாது முறைசெய்ய வேண்டுமென்பதைப் பின்னதிலும் வலியுறுத்தினார். ஆராய்வு முன்னும் முடிவு பின்னும் நிகழ வேண்டும் என்னும் இவ்வரிசை மாறிய இடத்திலேயே மதுரையின் துயரம் தொடங்கியது.

மதீனாவில் நிகழ்ந்த ஆராய்ச்சி

இதற்கு நிகரான ஒரு சூழ்நிலை மதீனாவிலும் நேர்ந்தது. பனூ முஸ்தலிக் என்னும் குலத்தாரிடம் ஸகாத் பெற்று வருமாறு நபியவர்கள் ஒருவரை அனுப்பினார்கள். அக்குலத்தார் தூதரை வரவேற்கத் திரண்டு வந்தனர். அக்கூட்டத்தைக் கண்டு அஞ்சிய அவர் இடைவழியிலேயே திரும்பி, அவர்கள் ஸகாத் தர மறுத்துத் தம்மைக் கொல்லவும் முயன்றனர் என அறிவித்தார். அறிவித்தவர் நபியவர்களே அனுப்பிய தூதர். செய்தியோ ஒரு குலத்தின் மீது படையெடுக்கத் தூண்டும் செய்தி. ஆயினும் அச்செய்தியின் பேரில் வாள் உருவப்படவில்லை. உண்மை ஆராயப்பட்டது. அம்மக்கள் தம் நம்பிக்கையில் உறுதியாக இருந்தனர் என்பது வெளிப்பட்டது.

திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமாகிய அல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் இந்நிகழ்ச்சியை ஒட்டி அருளப்பெற்றது என விரிவுரையாளர் பலர் கூறுவர். நம்பத் தகாதவர் ஒரு செய்தியைக் கொண்டு வந்தால் அதனைத் தெளிவாக ஆராய்ந்து கொள்ள வேண்டும் என்பதும், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தார்க்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரும் என்பதும் அவ்வசனத்தின் கருத்தாகும். அறியாமையால் இழைக்கும் தீங்கு, அதன்பின் வரும் வருத்தம் என்னும் இரண்டையும் அது இணைத்துக் கூறுவது ஈண்டு எண்ணத்தக்கது. பாண்டியன் வரலாறு முழுவதும் இவ்விரண்டினுள் அடங்கிவிடும்.

அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பிய வேளையில் நபியவர்கள் கூறிய அறிவுரையும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. வழக்காளிகள் இருவரும் முன் வந்து அமர்ந்தால், முதலாமவரைக் கேட்டது போலவே இரண்டாமவரையும் கேட்காமல் தீர்ப்புக் கூறலாகாது என்பதே அது. இன்றைய நீதிமன்றங்களும் மறுதரப்பைக் கேட்பதை இயற்கை நீதியின் அடிப்படை விதிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளன.

ஐயுற்றும் வாளாவிருந்தோர்

கொலைக்களக் காதையில் அரசனையும் பொற்கொல்லனையும் விட நம்மைப் பெரிதும் ஒத்தவர்கள் காவலர்களே. அவர்கள் தீயவர் அல்லர். கோவலனைக் கண்டவுடன், இவனது தோற்றம் கள்வனுக்குரியதாக இல்லை என அவர்களுள் ஒருவருக்குத் தோன்றியது. அதை வெளிப்படையாகக் கூறவும் கூறினர். உண்மை அவர்களின் நாவரை வந்து நின்றது.

பொற்கொல்லன் அவர்களை எள்ளி நகைத்தான். மந்திரம் முதலாகக் கருவி ஈறாகக் கள்வர் கொள்ளும் எட்டு வகைத் துணைகளைக் களவு நூல் கூறுமாற்றான் விரித்துரைத்தான். கற்றவன் போல் ஒருவன் பேசியவுடன் காவலரின் ஐயம் தளர்ந்தது. இளைஞன் ஒருவன் மழை இரவில் தன் வாளையே பறித்து மறைந்த கள்வன் ஒருவனின் கதையைக் கூறி, கள்வரின் செயல்கள் அறிதற்கரியன என்றும் அரசனோ தண்டிப்பான் என்றும் அஞ்சினான். அச்சமும் தயக்கமும் சூழ்ந்த அந்நேரத்தில், கல்லாதவனும் கள்ளுண்டவனுமாகிய ஒருவன் வாளால் வெட்டினான். கோவலன் வீழ்ந்தான்.

வெட்டியவன் ஒருவனே. ஆனால் தடுத்திருக்கக் கூடியவர்கள் பலர். ஐயத்தை உணர்ந்தும் அதனைச் செயலாக்கத் துணியாதவர்களின் மௌனமே, சிந்திக்கத் தெரியாத ஒருவனின் கையில் முடிவை ஒப்படைத்தது. அறிவுடையோர் விலகி நிற்கும் இடத்தில் முடிவெடுப்பவன் அறிவில்லாதவனாகவே இருப்பான் என்பது அக்காட்சி தரும் பாடமாகும்.

ஆணைக்குக் கீழ்ப்படிவது காவலரின் கடமையன்றோ என்று ஒருவர் வினவலாம். அவ்வினாவுக்கும் நபிமொழியில் விடை உண்டு. நபியவர்கள் ஒரு சிறு படைக்குத் தலைவர் ஒருவரை அமர்த்தி, அவருக்குக் கீழ்ப்படியுமாறு வீரர்களைப் பணித்து அனுப்பினார்கள். வழியில் சினமுற்ற அத்தலைவர் விறகு திரட்டித் தீமூட்டச் செய்து, அத்தீயில் புகுமாறு ஆணையிட்டார். சிலர் புகவும் எண்ணினர். ஏனையோர், நெருப்பினின்று தப்புவதற்காகவே நபியவர்களை நாடி வந்தோம் எனக் கூறித் தயங்கி நின்றனர். அதற்குள் தீயும் அணைந்தது. தலைவரின் சினமும் தணிந்தது. செய்தியறிந்த நபியவர்கள், அவர்கள் தீயில் புகுந்திருப்பின் அதனின்று வெளிவந்தே இருக்கமாட்டார்கள் என்றும், கீழ்ப்படிதல் நன்மையான காரியத்தில் மட்டுமே என்றும் தெளிவுறுத்தினார்கள்.

மதுரைக் காவலரும் தயங்கினர், அப்படைவீரரும் தயங்கினர். இவர்களின் தயக்கம் நிலைத்து நின்றது. அவர்களின் தயக்கம் கரைந்து போயிற்று. சிறிது நேரம் உறுதியாக நின்றிருந்தால் அங்கும் ஓர் உயிர் காக்கப்பட்டிருக்கும்.

தவற்றை ஏற்கும் பண்பு

பாண்டியனின் பெருமை விளங்குவது அவன் தவறிய பின்னரே. தலைவிரி கோலத்துடன் தனித்து வந்த ஓர் அயலூர்ப் பெண்ணை அவன் வாயிலிலேயே விலக்கிவிடவில்லை. உள்ளே வரச் செய்தான். அவள் யாரென வினவினான். அவள் சினந்து உரைத்தவற்றைக் கேட்டான். தன் சிலம்பில் முத்தே உள்ளது என்று தனக்கே எதிரான சான்றைத் தானே கூறினான். மாணிக்கம் தெறித்தவுடன் பொற்கொல்லன் மேல் பழியைச் சுமத்தவில்லை. காவலர் தவறாகப் புரிந்து கொண்டனர் என்றும் கூறவில்லை. கள்வன் தானே எனத் தன் வாயாலேயே தீர்ப்பளித்துக் கொண்டு அரியணையினின்று வீழ்ந்தான். பிறர் கூறியதைக் கேட்டுத் தவறியவன், அப்பிறர் மேல் பழியை ஏற்றாமல் தானே ஏற்றமையால்தான், தவறிய அரசனாயினும் தமிழுள்ளங்களில் இன்றும் மதிப்புப் பெற்றுள்ளான்.

இஸ்லாமிய வரலாற்றில் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் வாழ்வு இதற்கு வேறொரு வகையில் சான்று பகர்கின்றது. 699 முதல் 767 வரை வாழ்ந்த அவர்கள் கூஃபா நகரில் பட்டுத்துணி வணிகமும் செய்து வந்தார்கள். ஒருமுறை தம் வணிகக் கூட்டாளியிடம் துணிகளை ஒப்படைத்தபோது, அவற்றுள் ஒன்றில் குறை இருப்பதைக் கூறி, விற்கும்போது அதை வாங்குபவரிடம் தெரிவிக்குமாறு பணித்தார்கள். கூட்டாளி அதை மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அத்துணிகளால் கிடைத்த பணம் முழுவதையும் அறத்திற்கு வழங்கிவிட்டார்கள் என வரலாற்றாசிரியர் கூறுவர். மறந்தவர் வேறொருவர், இமாம் அவர்களோ முன்னரே எச்சரித்தவர். எனினும் தம் பெயரால் நடந்த வணிகத்தின் குறையைத் தம்முடையதாகவே கொண்டார்கள்.

தவற்றை உணர்ந்து வருந்துவது மட்டும் போதுமா என்னும் வினாவும் எழுகின்றது. தவ்பா எனப்படும் பாவமீட்சிக்கு மார்க்க அறிஞர் வகுத்த நிபந்தனைகள் இங்கு நினைவுகூரத் தக்கவை. தவற்றை விட்டு விலகல், அதற்காக வருந்தல், மீண்டும் செய்வதில்லை என உறுதி பூணல் ஆகிய மூன்றோடு, அத்தவறு ஒரு மனிதரின் உரிமையைத் தொட்டதாயின் அவ்வுரிமையை அவரிடமே திருப்பித் தருவது நான்காம் நிபந்தனை என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்குவார்கள். பாண்டியனால் நிறைவேற்ற இயலாது போனது இந்நான்காவதே. அவன் தன் உயிரைத் தந்தும் கோவலனின் உயிர் மீளவில்லை. சில முடிவுகளைத் திருத்தலாம். சிலவற்றைத் திருத்தவே இயலாது. ஆகவே பின்னர்ப் பொறுப்பேற்கும் துணிவினும் முன்னர் ஆராயும் பொறுமை இன்றியமையாதது எனலாம்.

ஒருவன் பிழையும் ஒரு குலத்தின் மேல் பழியும்

சிலப்பதிகாரம் இதனோடு முடியவில்லை. பாண்டியனுக்குப் பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினம் தணியும் பொருட்டுப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என நூலின் தொடக்கத்திலுள்ள உரைபெறு கட்டுரை கூறுகின்றது. குற்றம் செய்தவன் ஒரு பொற்கொல்லன். பலியானவர்களோ அச்சிலம்பைக் கண்ணாலும் காணாதவர்கள். முதல் அநீதியில் ஒருவனது சொல் ஆராயப்படவில்லை. இரண்டாம் அநீதியில் ஆயிரவரின் குற்றமின்மை ஆராயப்படவில்லை. ஒரு கொலைக்குக் கழுவாய் தேடப் புகுந்து ஆயிரம் கொலைகள் நிகழ்ந்தன.

ஓர் ஆன்மாவின் சுமையை மற்றோர் ஆன்மா சுமக்காது என்னும் கருத்தைத் திருக்குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்துகின்றது. 53ஆம் அத்தியாயமாகிய அந்நஜ்முவின் 38ஆம் வசனம் அவற்றுள் ஒன்று. தனிமனிதப் பொறுப்பு என்பதற்கு இரு பக்கங்கள் உண்டு. என் செயலின் சுமையைப் பிறர் மேல் ஏற்றக் கூடாது என்பது ஒன்று. ஒருவனது செயலின் சுமையை அவனுடைய குடும்பத்தின் மேலும் ஊரின் மேலும் இனத்தின் மேலும் ஏற்றக் கூடாது என்பது மற்றொன்று. பிறர் நம் சமுதாயத்தை அவ்வாறு பழிக்கும்போது நாம் வருந்துகின்றோம், அவ்வருத்தம் நியாயமானதே. அதே அளவுகோலை நாம் பிறரைப் பற்றிப் பேசும்போதும் கையாளுகின்றோமா என்பதே நம்மை நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

அன்றாட வாழ்வில் இவ்வறம்

அரசவையும் கொலைக்களமும் நம் வாழ்வில் இல்லை. எனினும் அங்கு நின்ற மாந்தர் அனைவரும் நம்மிடையே உள்ளனர்.

முதலில் மாணவர் வாழ்வை எடுத்துக் கொள்வோம். வகுப்புக்கு வராத நண்பனுக்காக வருகைப் பதிவில் குரல் கொடுப்பது நட்பாகக் கருதப்படுகின்றது. தான் செய்யாத ஆய்வின் அளவுகளைப் பிறர் ஏட்டைப் பார்த்துச் செய்முறை ஏட்டில் எழுதுவது வழக்கமாகி விட்டது. மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலுக்கும் அந்த ஏட்டிற்கும் வேறுபாடு இல்லை. ஆய்வுக்கூடத்தில் பிறர் அளவுகளைத் தனதென எழுதிப் பழகியவர், நாளை மருந்துச் சோதனையிலோ பாலத்தின் உறுதிச் சோதனையிலோ அமரும்போது, அவருடைய ஏட்டை நம்பப் போகிறவர்கள் பெயர் தெரியாத மக்கள்.

ஆசிரியர்க்கும் இப்பொறுப்பு உண்டு. தேர்வுக் கூடத்தில் ஒரு மாணவனின் காலடியில் துண்டுத்தாள் கிடக்கின்றது. தாள் கிடப்பது உண்மை. ஆனால் அது அவனுடையதா என்பது தனி வினா. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கவும், அவன் கூறுவதைக் கேட்கவும் சில மணித்துளிகள் போதும். அவற்றைச் செலவிடாமல் எழுதப்படும் அறிக்கை ஓராண்டுப் படிப்பையும் ஒரு குடும்பத்தின் நம்பிக்கையையும் வெட்டி விடக் கூடும். ஆராய்ந்த பின்னர்க் குற்றம் உறுதியானால் தண்டனை தருவதும் நீதியே ஆகும்.

சமுதாயப் பெரியோர்களின் பொறுப்பு இவற்றினும் பெரிது. மஹல்லா ஜமாஅத்தின் முன் ஒரு குடும்ப வழக்கு வருகின்றது. கணவன் நேரில் வந்து தன் பக்கத்தைக் கூறுகின்றான். மனைவியின் பக்கத்தை அவளுடைய தந்தையோ அண்ணனோ கூறுகின்றனர். சில வேளைகளில் அதுவும் கூறப்படுவதில்லை. கண்ணீரோடு வாயிலில் நின்ற பெண்ணை உள்ளே அழைத்துக் கேட்ட பாண்டியனின் செயல் இங்கு வழிகாட்ட வேண்டும். அலீ (ரலி) அவர்களுக்குக் கூறப்பட்ட அறிவுரை, வழக்கைக் கேட்க அமரும் ஒவ்வொருவருக்கும் உரியதாகும். பள்ளிவாசல் சொத்துகளின் கணக்கில் கையொப்பமிடும் பொறுப்பாளர்களும், பிறர் எழுதியதை நம்பிக் கையொப்பமிட்டோம் எனப் பின்னர்க் கூறுவதில் பயனில்லை. அமானிதம் என்பது பூட்டி வைத்துக் காப்பது மட்டுமன்று. பூட்டியவற்றை அவ்வப்போது திறந்து எண்ணிப் பார்ப்பதும் ஆகும்.

திருமணப் பேச்சின்போது மணமகனைப் பற்றியோ மணமகளைப் பற்றியோ நம்மிடம் விசாரிக்க வருகின்றனர். உண்மையைக் கூறினால் புறம்பேசியதாகுமே என்று சிலர் மறைத்து விடுகின்றனர். பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மை மணம் பேசிய இருவரைப் பற்றி நபியவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, ஒருவரின் வறுமையையும் மற்றவரின் கடுமையையும் மறைக்காமல் எடுத்துக்கூறி, உஸாமா (ரலி) அவர்களை மணக்குமாறு அறிவுரை வழங்கினார்கள். நம்பிக் கேட்டவரிடம் தேவையான அளவு உண்மையைக் கூறுவது புறம்பேசுதல் ஆகாது என்பதற்கு அறிஞர்கள் இதனைச் சான்றாகக் காட்டுவர். கேளாதவரிடம் கூறுவதும், தேவைக்கு மேல் கூறுவதுமே பழிக்கத் தக்கவை.

செய்தியைப் பரப்புதல் இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள ஆற்றலாகி விட்டது. கைப்பேசியில் வந்த ஒரு படத்தையோ வதந்தியையோ நொடிப்பொழுதில் நூற்றுவர்க்கு அனுப்பி விடுகின்றோம். வந்ததை அனுப்பினேன் என்பது விடையாகாது. பொற்கொல்லனின் சொல்லை நம்பிய அரசனுக்கு அவ்விடை பயன்படவில்லை. அரசனின் சொல்லை நம்பிய காவலர்க்கும் பயன்படாது. இதனை அனுப்பியவர் நேரில் கண்டவரா, படம் எந்த ஊரில் எந்த நாளில் எடுக்கப்பட்டது, பொய்யாயின் யார் துன்புறுவர் என்னும் வினாக்களை எழுப்பி, விடை கிடைக்காதபோது அனுப்பாமல் நிறுத்திக் கொள்வதே 49ஆம் அத்தியாயம் கற்பிக்கும் ஒழுக்கமாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், ஓர் அநீதி பல கைகளைக் கடந்தே நிறைவேறுகின்றது என்பதும், அக்கைகளுள் எந்த ஒன்றும் அதனை நிறுத்தியிருக்க இயலும் என்பதும் புலனாகின்றன. பொய் கூறியவன் தன் களவை ஒப்புக்கொண்டிருந்தால், அரசன் சற்று நின்று கேட்டிருந்தால், காவலர் தம் ஐயத்தில் உறுதியாக இருந்திருந்தால், கோவலனிடம் ஒரு சொல் வினவியிருந்தால் மதுரை எரிந்திராது. ஊழின் வலிமையைக் காட்டவே காப்பியம் இவ்வாறு அமைந்தது என்பர். அது காப்பியத்தின் நெறி. ஆயினும் காப்பிய மாந்தர் ஒவ்வொருவர் முன்னும் வேறொரு வழியும் திறந்தே இருந்தது என்பதை இளங்கோவடிகள் மறைக்கவில்லை. காவலர் வாயில் ஐயத்தை வைத்ததும், அரசன் ஆணையில் நிபந்தனையை வைத்ததும் அதனை உணர்த்துவனவாகும்.

மறுமை நாளில் மனிதன் தனித்தே நின்று தன் செயல்களுக்குக் கணக்குரைக்க வேண்டும் என்பது இஸ்லாத்தின் அடிப்படை நம்பிக்கை. அங்கே ஆணையிட்டவரையும் செய்தி கூறியவரையும் காட்டித் தப்ப இயலாது. அந்நாளை நம்புவோர், ஒரு தாளில் கையொப்பமிடும் முன்னும், ஒருவரைக் குற்றவாளி எனக் கூறும் முன்னும், ஒரு செய்தியைப் பிறர்க்கு உரைக்கும் முன்னும் சிறிது நிற்கப் பழக வேண்டும். மாணவச் செல்வங்கள் இப்பழக்கத்தைக் கல்லூரி நாள்களிலேயே தொடங்குவார்களாக. சிலம்பினுள் இருப்பது முத்தா, மாணிக்கமா என்று கேட்க இன்னும் நேரம் இருக்கும்போதே கேட்டு விடுவது, கேட்பவரையும் காக்கும், கேட்கப்படுபவரையும் காக்கும்.